சிவபதம் என்றொரு ஃபோல்டர்

பழைய கம்ப்யூட்டரை எக்ஸ்சேஞ்சில் போட்ட அன்று மத்தியானமே, செத்துப்போனவர்கள் எனக்கு மெயில் அனுப்ப ஆரம்பித்தார்கள்.

வேங்கிக்காலில் நான் வேலை பார்க்கும் ஆபீசில், சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்திருந்தேன். போன் அதிர்ந்தது. பினாங்கிலிருந்து ஓர் அம்மாள் எழுதியிருந்தார். மகனுக்கு வியாழக்கிழமை ஆபரேஷன், அவன் பேருக்கு மறக்காமல் அர்ச்சனை செய்துவிடுங்கள் என்று கேட்டிருந்தார். அந்த மகன் பிழைத்து, கல்யாணமும் ஆகி, மனைவியோடு வந்து அப்பாவிடம் விபூதி வாங்கிக்கொண்டு போனான். அந்த அம்மாள்தான் இப்போது இல்லை. அடுத்தது ஒரு பின்லாந்துக்காரர். கார்த்திகை தீபத்துக்கு வருகிறேன், வழக்கமான தூணடியில் எனக்கு இடம் வைத்திருங்கள் என்று எழுதியிருந்தார். அவரும் இல்லை. இப்படி வரிசையாக வந்துகொண்டே இருந்தன. எல்லாம் தடித்த எழுத்தில், யாரும் இன்னும் படிக்காத மெயில்களாக. எல்லாவற்றுக்கும் அன்றைய தேதி.

ஏன் சாப்பிடவில்லை என்று பக்கத்து சீட்டு அம்மா கேட்டார். பசி இல்லை என்றேன். பயமாக இருக்கிறது என்று சொன்னால் அவர் நம்பியிருக்கமாட்டார். ஆபீசில் எனக்கு வாயாடி என்று பெயர்.

எங்கள் அப்பா குருக்கள். பெரிய கோயிலில் இல்லை. கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலை தாண்டி, எங்கள் குடும்பத்தின் பூஜையில் இருக்கிற ஒரு சின்ன சிவன் கோயிலில். பௌர்ணமிக்குப் பாதை நிரம்பும்போது சிலர் கால் வலிக்கு உட்கார இடம் தேடி உள்ளே வருவார்கள். அப்படி உட்கார்ந்தவர்களிடம் அப்பா பேர், கோத்திரம், நட்சத்திரம் கேட்டு அர்ச்சனை செய்து விபூதி கொடுப்பார். ஊருக்குப் போன பிறகும் அவர்கள் அப்பாவை விடவில்லை. ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்கும் வெள்ளைக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். கோத்திரம் இல்லாதவர்களுக்குச் சிவ கோத்திரம், நட்சத்திரம் தெரியாதவர்களுக்குத் திருவாதிரை என்று அப்பாவே வழங்கிவிடுவார். உலகத்தில் பாதி வெள்ளைக்காரன் திருவாதிரையிலா பிறந்தான் என்று அண்ணா கேலி செய்வான்.

அண்ணாதான் அப்பாவுக்கு மெயில் முகவரி போட்டுக் கொடுத்தவன். வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு மெயில் புரோகிராமை ஏற்றி, அதில் இருபத்தேழு நட்சத்திரத்துக்கும் ஒவ்வொரு ஃபோல்டர் வைத்தான். வருகிற மெயிலை அவரவர் நட்சத்திரத்தில் போட்டுவிட வேண்டும். காலையில் அப்பா பஞ்சாங்கத்தில் அன்றைய நட்சத்திரத்தைப் பார்ப்பார். அந்த ஃபோல்டரைத் திறந்து, அதில் உள்ளவர்களை மனசில் ஏற்றிக்கொண்டு கோயிலுக்குக் கிளம்புவார். அண்ணா வேலைக்கு வெளிநாடு போன பிறகு, மெயில்களைப் பிரித்துப் போடுகிற வேலை என் தலையில் விழுந்தது. நான் அப்பாவோடு இருக்கிறேன். ஏன் என்பது இங்கே வேண்டாம்.

இருபத்தெட்டாவதாக ஒரு ஃபோல்டர் இருந்தது. அதன் பெயர் சிவபதம். யாராவது தவறிவிட்டதாகச் செய்தி வந்தால், அவருடைய மெயில்களை நட்சத்திரத்திலிருந்து எடுத்து அதில் போட்டுவிட வேண்டும். ஆயுளும் ஆரோக்கியமும் பெருகட்டும் என்று சங்கல்பம் சொல்லும்போது, இல்லாதவர் பேர் வாயில் வந்துவிடக் கூடாது. இல்லாதவர்களுக்கு மோட்ச தீபம் இருக்கிறது, அது வேறு இது வேறு என்பார் அப்பா. இதில் அவர் ரொம்பக் கண்டிப்பு.

இன்னொரு கண்டிப்பும் உண்டு. கேட்காதவர்களுக்கு அர்ச்சனை செய்யமாட்டார். ஒருத்தர் மனசில் நினைத்துக் கேட்டால்தான் சங்கல்பம், நாமாகச் செய்தால் அது யாருடையது என்பார். பெற்ற பிள்ளைகளுக்கும் அதுதான் சட்டம். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு நான் வீம்புக்குக் கேட்கவில்லை. அவரும் செய்யவில்லை. மார்க் கம்மிதான். அண்ணா பிழைக்கத் தெரிந்தவன், கேட்டுவிடுவான். வெளிநாட்டிலிருந்தும், தன் நட்சத்திரமான பூராடம் நெருங்கும்போதெல்லாம், மற்ற பக்தர்களைப் போல மெயிலில்தான் கேட்பான். "ஐயா, வர்ற பூராடத்துக்கு நம்ம பேருக்கு ஒரு அர்ச்சனை. பேரும் கோத்திரமும் உங்களுக்கே தெரியும். கொஞ்சம் அழுத்தமா பண்ணுங்க, இங்க குளிர் ஜாஸ்தி." இதைப் படித்துவிட்டு அப்பா சிரிக்கமாட்டார். சரியான ஃபோல்டரில் போட்டாயா என்று மட்டும் என்னைக் கேட்பார்.

அந்தக் குளிரிலேயே அண்ணா போய்விட்டான். ஒரு காலையில் அறையில் எழுந்திருக்கவில்லை என்று கூடத் தங்கியிருந்தவன் போன் செய்தான். எங்கள் இருவரிடமும் பாஸ்போர்ட் இல்லை. உடலைக் கொண்டுவர முடியவில்லை, அங்கேயே எரித்துவிட்டார்கள். இங்கே செய்ய வேண்டிய காரியங்களைச் சித்தப்பா மகன் செய்தான். பெற்றவர் தாங்கமாட்டார் என்று பெரியவர்கள் கூடி முடிவு செய்து, அப்பாவை ஓரமாக நாற்காலியில் உட்காரவைத்திருந்தார்கள். அவரும் உட்கார்ந்திருந்தார். அம்மா அதற்கு முன்பே போயிருந்தாள்.

தீட்டுக் கழிந்த அன்றே நான் கம்ப்யூட்டரைத் திறந்தேன். அண்ணாவின் மெயில்கள் எல்லாவற்றையும் மொத்தமாகப் பிடித்து, பூராடத்திலிருந்து சிவபதத்துக்கு இழுத்துப் போட்டேன். ஒரே இழுப்பு. அவன்மேல் எனக்கு அப்படி ஒரு கோபம். அப்பா அதைப் பற்றிக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அதன் பிறகு பூராடம் வரும், போகும். அவர் பாட்டுக்குக் கோயிலுக்குப் போய் வருவார். அண்ணாவின் பேரை வீட்டில் யாரும் எடுப்பதில்லை. வீட்டில் இருந்ததே நாங்கள் இரண்டு பேர்தான்.

இப்படி இரண்டு வருஷம் ஓடியது. பிறகு அந்த மெயில் புரோகிராமுக்கு வயதாகிவிட்டது, இனி அதற்குள் மெயில் இறங்காது என்று மெயில் கம்பெனி அறிவிப்பு அனுப்பியது. நான் ஒரு லேப்டாப் வாங்கி, புது புரோகிராமை ஏற்றி, இரண்டையும் ஒயரில் இணைத்து, பழைய மெயில்களை நேராக அதற்கு மாற்ற உட்கார்ந்தேன். நட்சத்திரங்களின் தமிழ்ப் பெயர்களைப் பார்த்ததும் புதியது முரண்டு பிடித்தது. அசுவினியும் பரணியும் கட்டம் கட்டமாகவும் கேள்விக்குறியாகவும் வந்தன. திரும்பத் திரும்பப் பாதியில் நின்றது. ஃபோல்டர்களைப் பிரித்தபடியே வைக்கவா என்று கேட்டு ஓரிடத்தில் டிக் போட்டிருந்தது. எரிச்சலில் அந்த டிக்கை எடுத்துவிட்டேன். மளமளவென்று ஏறியது. மொத்த எண்ணிக்கையைச் சரிபார்த்தேன், ஒரு மெயில்கூடக் குறையவில்லை. மறுநாள் ஆபீஸ் போகும் வழியில் பழைய கம்ப்யூட்டரைக் கடையில் இறக்கிவிட்டேன். சாயங்காலம் ஓடிப்போய்க் கேட்டபோது, எல்லாவற்றையும் அழித்து அதை வேறு ஆளுக்குத் தயார் செய்திருந்தார்கள்.

எண்ணிக்கை சரிதான். ஆனால் இருபத்தெட்டு ஃபோல்டரும் கலந்து ஒரே குவியலாகியிருந்தது. ஒவ்வொரு மெயிலும் திரும்ப மேலே ஏறிய தேதியே அது வந்த தேதியாகிவிட்டது. வீட்டில் லேப்டாப் அவற்றை ஒவ்வொன்றாக மெயில் கம்பெனிக்கு ஏற்ற ஏற்ற, அதே முகவரியைப் போட்டு வைத்திருந்த என் போனிலும் அப்பா போனிலும் அவை புது மெயில்களாக வந்து இறங்கின. நட்சத்திரத்தைத் திரும்பக் கண்டுபிடித்துவிடலாம், மெயிலிலேயே எழுதியிருக்கும். இருப்பவர் யார், இல்லாதவர் யார் என்பதற்குத்தான் மெயிலில் வழியில்லை. அப்பாவை விட்டால் அது அந்த ஒரு ஃபோல்டருக்கு மட்டுமே தெரிந்திருந்தது. தான் செத்துவிட்டதாக யாரும் மெயில் எழுதியிருக்கவில்லை. எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் கேட்டிருந்தார்கள்.

அப்பாவிடம் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பிரித்துவிடலாம் என்றார், அவ்வளவுதான். அதுவரைக்கும், போனில் நட்சத்திரத்தின் பெயரை அடித்துத் தேடினால் அந்த மெயில்கள் வந்து நிற்கும் என்று காட்டிக்கொடுத்தேன். இல்லாதவர்களை அவரே பார்த்துத் தள்ளிக்கொள்வார், ஞாபகசக்தியில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அந்த வாரத்திலேயே பூராடம் வருகிறது என்பது எனக்கு உறைக்கவில்லை.

அந்த வாரம் வீடு வீடாக இல்லை. கூடத்தில் அவர் போனும் சமையலறையில் என் போனும் ஒரே நேரத்தில் அதிரும். இருவரும் எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைப்போம். செத்தவர்கள் நல்ல மரியாதையாக எழுதியிருந்தார்கள். அப்பாவின் முழங்கால் வலி தேவலையா என்று விசாரித்தார்கள். மழை உண்டா என்று கேட்டார்கள். உங்கள் மகனுக்கு விசா கிடைத்ததா, அவருக்காக நானும் பிரார்த்திக்கிறேன் என்று அந்தப் பின்லாந்துக்காரர் கேட்டிருந்தார். தாளித்துக்கொண்டிருந்தவள் அடுப்பை அணைத்துவிட்டு அதைப் படித்தேன். கிடைத்தது என்று அவருக்குப் பதில் எழுதிவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. இறந்தவன் ஒருவனைப் பற்றி இறந்தவர் ஒருவர் கேட்கிறார், நடுவில் நான் கரண்டியோடு நிற்கிறேன்.

அண்ணாவும் வந்தான். எனக்குத் தெரியும், அந்தக் குவியலில் எங்கேயோ அவன் இருந்தான், முறை வரும்போது வருவான். வந்தபோது போனின் மேல்விளிம்பில் அவன் பேரும் அதன் கீழே "ஐயா" என்ற ஒரு சொல்லும் மட்டும் தெரிந்தன. நான் திறக்கவில்லை. அவன் மெயில்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்தன. ஒன்றையும் நான் தொடவில்லை.

பூராடத்தன்று காலை ஆபீசில் வேறு எதற்கோ மெயிலைத் திறந்தேன். அண்ணாவின் மெயில்கள் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தடித்த எழுத்தில் நின்றன. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேலே இருந்த மெயில் தடிப்புக் குறைந்து சாதாரண எழுத்தானது. கொஞ்ச நேரத்தில் அதற்குக் கீழே இருந்தது. பிறகு அதற்கும் கீழே. என் விரல் போனிலேயே இல்லை. இன்னொரு போனில் அப்பா அவற்றைத் திறந்து படிக்கிறார் என்று புரிந்ததும், சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரில் நட்சத்திரத்தைப் பார்த்தேன். பூராடம்.

பர்மிஷன் சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன். ஊரைக் கடந்து செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் வந்தால், காபிக் கடை வாசலில் வெள்ளைக்காரர்கள் நிதானமாகச் சாலையைக் கடந்துகொண்டிருந்தார்கள். ஹாரனை அழுத்தி அழுத்திக் கட்டைவிரல் வலித்தது. அவரைத் தடுக்க வேண்டும் என்பது மட்டும்தான் மனசில் இருந்தது. இல்லாதவர் பேரைச் சொல்லிவிடக் கூடாது என்று ஆயுசு முழுக்கக் காத்தவர். என்னால் அது கெட்டுவிடக் கூடாது.

கோயிலில் ஆள் இல்லை. மண்டபத்தில் ஏறும்போதே உள்ளே அவர் குரல் கேட்டது. எங்கள் கோத்திரம். பூராட நட்சத்திரம். பிறகு அண்ணாவின் பேர். இரண்டு வருஷமாக எங்கள் வீட்டில் யாரும் சொல்லாத பேர், கருவறைக்குள்ளிருந்து முழுசாக வந்தது. ஆயுள், ஆரோக்கியம், ஐஸ்வர்யம் என்று அவர் ஒவ்வொன்றாக, அழுத்தமாகக் கேட்டார். நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். அப்பாவுக்குப் புத்தி பிசகிவிட்டதோ என்று பயந்தேன். அந்தப் பயத்துக்கு அடியில் வேறொன்றும் இருந்தது, சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஒருவேளை சுவாமி கொடுத்துவிட்டால் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். வாசல் பக்கம் திரும்பிக்கூடப் பார்த்தேன்.

அப்பா தட்டோடு வெளியே வந்து என் நெற்றியில் விபூதி வைத்தார். ஆபீஸ் நேரத்தில் ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை.

"அப்பா, அது பழைய மெயில்ப்பா. நான் மாத்தறப்போ தேதி மாறிடுச்சு."

"தெரியும்."

"அவன் இல்லப்பா."

"தெரியும்மா." படியில் மெதுவாக உட்கார்ந்தார். "அந்த மாசமும் கேட்டிருந்தான். பூராடம் வர்றதுக்குள்ள போன் வந்துடுத்து. தீட்டு, கோயிலுக்குள்ள வர முடியல. கழிஞ்சு வந்து பாத்தா ஃபோல்டர்ல அவன் இல்ல. அவன் கேட்டது அப்படியே நின்னு போச்சு. நானா எப்படிப் பண்றது? ஒவ்வொரு பூராடத்துக்கும் பாத்துண்டுதான் இருந்தேன். இந்தப் பூராடத்துக்குக் கேட்டிருக்கான். அப்பனா இருந்துண்டு மாட்டேன்னு சொல்லவா?"

அந்தக் கடைசி மெயிலையும் சேர்த்துத்தான் ஒரே இழுப்பில் இழுத்திருக்கிறேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். அவர் அழவில்லை. பாதையில் போன ஒரு குடும்பம் எங்களைப் பார்த்துவிட்டு, கும்பிட வரலாமா வேண்டாமா என்று தயங்கி நின்றது. அப்பா எழுந்து அவர்களை உள்ளே கூப்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் லேப்டாப்பைக் கூடத்து மேஜையில் வைத்துப் பிரிக்க உட்கார்ந்தோம். இந்தத் தடவை இருபத்தெட்டு ஃபோல்டருக்கும் ஆங்கில எழுத்தில் பேர் வைத்தேன். நான் மெயிலில் உள்ள பேரைப் படிப்பேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டு, இருக்கார் என்பார், இல்லை என்பார். வேறொன்றும் சொல்லமாட்டார். சிலருக்கு மட்டும் ஒரு வார்த்தை கூடுதலாக வரும். இவர் தேங்காயை ஒரே போடில் உடைப்பார். இந்தம்மா செருப்பைத் தொலைத்துவிட்டு வெறுங்காலோடு ரயில் ஏறினார். இருக்கிறாரா இல்லையா என்று அவருக்கே தெரியாதவர்களும் இருந்தார்கள். அவர்களுக்கு எழுதிக் கேள் என்றார். உயிரோடு இருக்கிறீர்களா என்று ஒருவரிடம் எப்படிக் கேட்பது. சௌக்கியமா என்று மட்டும் எழுதினேன். ஒரு கனடாக்காரி உடனே பதில் போட்டார். நான் சௌக்கியம், இந்த நேரத்தில் ஏன் என்னை நினைத்தீர்கள், ஏதாவது கெட்ட செய்தியா என்று கேட்டிருந்தார். அப்பா முதல் தடவையாகச் சிரித்தார்.

அண்ணாவின் மெயில்கள் வரும்போதெல்லாம் நான் பேரைப் படிக்காமல் தள்ளிக்கொண்டே போனேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வேறு யாரும் மிச்சமில்லை. குவியல் இருந்த இடத்தில் அவன் மட்டும் இருந்தான். ஐயா, ஐயா, ஐயா என்று கீழே வரைக்கும்.

எல்லாவற்றையும் பிடித்து இழுத்துவிடலாம். எப்படி இழுப்பது என்று எனக்குத் தெரியும், ஏற்கெனவே செய்தவள்தான். ஆனால் கை போகவில்லை. அன்றைக்கு இருந்த கோபம் எங்கே போய்த் தொலைந்தது என்று தெரியவில்லை, அது இருந்தால் சுலபமாக இருந்திருக்கும். இதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். அப்பா கண்ணைத் திறந்து திரையைப் பார்த்தார். பிறகு என் நாற்காலியின் பின்னால் வந்து நின்றார்.

"எழுந்திரும்மா. நீ ஒரு தடவை பண்ணிட்டே. இது நான் பண்ண வேண்டியது."

ஃபோல்டரைத் திறப்பதைத் தவிர மௌஸால் எதையும் அவர் நகர்த்தியதே கிடையாது. எப்படிப் பிடிப்பது, எதை அழுத்திக்கொண்டு நகர்த்துவது என்று சொல்லிக்கொடுத்தேன். மொத்தமாகவும் நகர்த்தலாம் என்று சொன்னேன். வேண்டாம் என்றார். முதல் மெயிலைத் திறந்து, உதடு அசைய, கடைசி எழுத்து வரைக்கும் படித்தார். மூடினார். அதை இழுத்துக்கொண்டு போய் சிவபதத்தில் விட்டார். அடுத்ததைத் திறந்தார். ஒன்று வழியில் நழுவி மூலம் ஃபோல்டரில் விழுந்துவிட்டது. பரவாயில்லை என்றேன். பரவாயில்லை இல்லை என்று அதைத் தேடி எடுத்து, கொண்டுபோய்ச் சேர்த்தார். நான் பக்கத்தில் நின்றிருந்தேன். உதவி என்று அவர் கேட்கவில்லை. கேட்காததால் நானும் கை நீட்டவில்லை. குளிர் ஜாஸ்தி என்ற இடம் வரும்போதெல்லாம் கொஞ்சம் நிறுத்தினார்.

கடைசியில் அந்த இடம் காலியானது. திரையின் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எல்லாம் வந்துடுத்தா?" என்று கேட்டார்.

"வந்துடுச்சுப்பா."

"இனிமே கேக்க மாட்டான்" என்றார்.

மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். காலையிலேயே குளித்து விபூதி பூசியிருந்த மனிதர், கொடியில் கிடந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கொல்லைப்பக்கம் போனார். கட்டியிருந்த வேஷ்டியோடு குழாயடியில் உட்கார்ந்து தலையில் தண்ணீரை ஊற்றிக்கொள்கிற சத்தம் கேட்டது. நான் அவருக்கு மாற்று வேஷ்டியைப் படியில் வைத்தேன். எனக்கும் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு, அவர் குளித்து முடிப்பதற்காக வாசற்படியில் நின்றேன்.